நல்ல கை, எட்டு மாசம்

எங்க கூட்டத்துல ஒரு சட்டம். எந்த கிட்டார்காரன் பேரையும் வாயால சொல்லக்கூடாது. பேரைச் சொன்னா காது பேருக்குத்தான் தலையாட்டும், வாசிப்பைக் கேக்காதுன்னு லிம் அண்ணே கொண்டு வந்த சட்டம் அது. அதனால ஒவ்வொருத்தனுக்கும் நாங்களா ஒரு பட்டப்பேரு வச்சிருந்தோம். ரெண்டே நோட்டுல கண்ணு கலங்க வைக்கிற அமெரிக்காக் கிழவர் 'சிக்கனம்'. காது கிழிய வேகமா வாசிக்கிற வெள்ளைக்காரன் 'மிளகாய்த்தூள்'. கம்பியை இழுத்து இழுத்து ஒப்பாரி வைக்கிறவன் 'எழவு வீடு'.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும், இங்க மலேசியாவுல கிள்ளான்ல, சைமன் அண்ணே கடையில கூடுவோம். காருக்கு ரேடியோ, ஸ்பீக்கர் மாட்டுற கடை. ஞாயிறு லீவு, ஷட்டரைப் பாதி ஏத்தி வச்சுட்டு உள்ள உக்காந்து யாரு பெரிய ஆளுன்னு அடிச்சுக்குவோம். சிக்கனமா மிளகாய்த்தூளான்னு பேச்சு முத்திப்போய் ஜெகாவும் லிம் அண்ணனும் மூணு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்திருக்காங்க. அந்த மூணு வாரமும் ரெண்டு பேரும் தவறாம வந்து, பக்கத்துப் பக்கத்துலதான் உக்காந்தாங்க.

நாங்க நாலு பேரு. லிம் அண்ணே, கேரி தீவுல எஸ்டேட் ஆளுங்களுக்கு மளிகைக்கடை வச்சிருந்த சீனக் குடும்பம். தமிழ் எங்களைவிட நல்லாப் பேசுவாரு, திட்டுறது அதைவிட நல்லா. ஜெகா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன், எங்கள்ல சின்னவன். நான் பல் கிளினிக்ல நர்ஸ். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி இந்தக் கட்டைன்னு எங்கம்மா கேட்டப்ப எனக்குப் பதினாறு வயசு. நாப்பது தாண்டியும் அந்தக் கட்டையை நான் கீழ வைக்கல. புருஷன் ஒருத்தன் வந்தான், போனான். கிட்டார் இருந்துச்சு.

அஞ்சாவதா வந்தவரைப் பத்தித்தான் எழுத உக்காந்தேன். பேரு வேணாம், அவரு வீட்டம்மா இன்னும் இருக்காங்க. நாங்க பேரிங் அங்கிள்னு கூப்பிடுவோம்.

பஸ் டிப்போவுல முப்பது வருஷம் வேலை. சக்கரத்தைத் தூக்கிச் சுத்தவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒண்ணை நடு அச்சுல வச்சு, கைப்பிடியைக் காதுல அழுத்திக் கேக்கணும். உள்ள இருக்கிற பேரிங் நல்லாருக்கா, தேஞ்சு போச்சா, இன்னும் எத்தனை நாள் ஓடும்னு சொல்லணும். அதுதான் அவரு பார்த்த வேலை. சைமன் அண்ணே காரு ஒரு நாள் 'உய்ங்'னு சத்தம் போட்டுச்சுன்னு சர்ச் வாசல்ல நிப்பாட்டி இவருகிட்ட காட்டியிருக்காரு. இவரு காது வச்சுக் கேட்டுட்டு, "பின்னால இடது. மூணு வாரம்"னாரு. நம்ம அண்ணனுக்குச் சோம்பேறித்தனம், மாத்தல. மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை ஃபெடரல் ஹைவேயில சக்கரம் இறுகி, வண்டி குறுக்கால நின்னு, லோரிக்காரன் ஒருத்தன் நூலிழையில தப்பிச்சான். அதுக்கப்புறம் அண்ணே அந்த மனுஷனைக் கோயில் குருக்கள் மாதிரி நடத்த ஆரம்பிச்சாரு. அடுத்த ஞாயிறு கையைப் பிடிச்சு எங்க நடுவுல கொண்டாந்து உக்கார வச்சாரு.

ஒல்லியான ஆளு. வெள்ளைச் சட்டை, முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருப்பாரு. ஸ்க்ரூடிரைவர் எப்பவும் இடுப்புல இருக்கும், கேக்குறதுக்கு முன்னாடி சட்டை நுனியால ஒரு தடவை துடைப்பாரு. முத நாள் நாங்க ரெண்டு மணி நேரம் கத்தினதையும் வாயைத் திறக்காம கேட்டாரு. கடைசியில எந்திரிச்சுப் போயி ஸ்பீக்கர் பெட்டி மேல ஸ்க்ரூடிரைவரை வச்சு, கைப்பிடியில காதை வச்சாரு. ஜெகா பொத்துன்னு சிரிச்சுட்டான்.

"அங்கிள், அது பஸ் இல்ல லா. ப்ளூஸ்."

அவரு கண்ணை மூடிக்கிட்டே, "எல்லாம் ஓடுறதுதான்"னாரு.

பாட்டு வந்தா விரலைத் தூக்கிக் காட்டுவாரு, குரல் வர்ற இடத்தைத் தள்ளிவிடணும். கிட்டார் மட்டும்தான் கேப்பாரு. யாரு பெரிய ஆளுன்னு கேட்டா பதிலே வராது. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வராது. "ஓடுது"ம்பாரு. இல்லன்னா "சத்தம் இருக்கு"ம்பாரு, அவ்வளவுதான்.

லிம் அண்ணே அவரைச் சோதிக்கணும்னு ஒரு நாள் ரெண்டு துண்டு போட்டாரு. ரெண்டும் வேற வேற ஆளுன்னு நாங்க சத்தியம் பண்ணியிருப்போம். ஒண்ணு முரட்டு வாசிப்பு, ஒண்ணு பூ மாதிரி. அங்கிள் கேட்டுட்டு, "ஒரே கைதான். ரெண்டுக்கும் நடுவுல சுண்டுவிரலுக்கு என்னமோ ஆயிருக்கு, அதை ஒதுக்கி ஒதுக்கி வாசிக்கிறான்"னாரு. லிம் அண்ணே முகம் வெளுத்துப் போச்சு. அந்த ஆளு கார்ல அடிபட்டு ஒரு வருஷம் வாசிக்காம இருந்து திரும்பி வந்தவராம். லிம் அண்ணனுக்கே அது எப்பவோ ஒரு பத்திரிகையில படிச்ச ஞாபகம்தான். இவருக்கு இங்கிலீஷ் பத்திரிகை படிக்கவே தெரியாது.

அன்னிக்கு யாரும் சண்டை போடல. தே தாரிக் டீ ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்துச்சு.

நாள் சொல்ல ஆரம்பிச்சது எப்பன்னு சரியா ஞாபகம் இல்ல. நாங்கதான் கேட்டிருப்போம், சும்மா இருக்குமா வாயி? சிக்கனத்தோட புது ஆல்பம் ஒண்ணு வந்திருந்துச்சு. அங்கிள் ரொம்ப நேரம் காதை எடுக்கல. "ஒரு வருஷம்"னாரு. அப்படின்னா? "இந்தக் கை ஒரு வருஷம் ஓடும்." பதினோராவது மாசம் சேதி வந்துச்சு, கிழவருக்கு விரல் மரத்துப் போச்சு, இனிமே மேடை ஏற மாட்டாருன்னு. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை, எண்பது வயசுக்காரன் கை எத்தனை நாளைக்கு ஓடும்னு நான் அவங்ககிட்ட வாதாடினேன். வீட்டுக்கு வந்து என் விரலைப் பத்துத் தடவை மடக்கி மடக்கிப் பார்த்துக்கிட்டதை யாருகிட்டயும் சொல்லல.

சைமன் அண்ணே மகளுக்குக் குழந்தை பிறந்தப்ப கடைக்குத் தூக்கிட்டு வந்தாங்க. ஜெகா விளையாட்டுக்கு, "அங்கிள், இவன் எத்தனை வருஷம் ஓடுவான்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னான். அங்கிள் படக்குன்னு எந்திரிச்சு ஷட்டருக்கு வெளிய போயிட்டாரு. நான் பின்னாலயே போனேன். ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால மறைச்சு வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறாரு.

"மனுசனைக் கேக்கக்கூடாதும்மா"ன்னாரு. "கையை மட்டும் கேக்கலாம். கைக்கு மேல போகக்கூடாது."

"போயிருக்கீங்களா அங்கிள்?"

அவரு ரோட்டுல போற பஸ்ஸையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஒண்ணு சொல்லணும், அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கப்பாகூட நான் வாசிக்கிறதை உக்காந்து ஒரு நிமிஷம் கேட்டதில்ல. இப்படிக் காதைக் குடுக்குற ஒருத்தரை நான் அதுவரைக்கும் பார்த்ததே கிடையாது.

அப்புறம்தான் ஜெகா. நண்பர்களோட சேர்ந்து வாசிச்ச ஒரு ரெக்கார்டிங்கைக் கொண்டாந்து அவனே போட்டான். "ஆறு மாசம்"னாரு அங்கிள். ஜெகா சிரிச்சான். ஆனா மறுநாளே போயி தடியா ஒரு ஜோடி கையுறை வாங்கிட்டான். வேலைக்கு, பைக்குக்கு, சாப்பிடுற நேரம் தவிர எல்லாத்துக்கும் அதுதான். கையை வயித்துப் பிள்ளை மாதிரி அணைச்சுக்கிட்டே திரிஞ்சான். அஞ்சாவது மாசம் கிடங்குல அந்தக் கையுறை நுனி சங்கிலியில மாட்டிச்சு. இடது கையில ரெண்டு விரல், மேல் கணு வரைக்கும் போயிருச்சு.

வெறுங்கையா இருந்திருந்தா உருவியிருக்கலாம்னு அவன் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியில வச்சு என்கிட்ட சொன்னாரு. அதை நான் ஜெகாகிட்ட சொல்லல. அவனோ கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "அங்கிள் சொன்னாருல்லக்கா? ஒரு மாசம்தான் முன்ன பின்ன"ன்னு கிட்டத்தட்ட பெருமையாச் சொல்றான். அங்கிள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரமா நின்னாரு. ஆரஞ்சுப் பழம் உரிச்சுக் குடுத்தாரு. வருத்தமாத்தான் இருந்தாரு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆச்சரியப்படல.

இதையெல்லாம் பார்த்தும் நான் செஞ்சேன் பாருங்க ஒரு காரியம், சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்ட கதை.

பெட்டாலிங் ஜெயாவுல ஒரு ரெஸ்டாரன்ட்ல சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. சர்ச்சுக்கு வெளிய என்னை வாசிக்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருபத்தஞ்சு வருஷம் சர்ச்லயும் பூட்டின ரூமுக்குள்ளயும் மட்டும் வாசிச்சவ நான். தலைகால் புரியல. எனக்கு ஒரே ஒரு ஆசை, அந்த மனுஷன் என் வாசிப்பை யாருன்னு தெரியாம கேட்டு, பெரிய ஆளுங்க வரிசையில வச்சு, "ஓடுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். போன்ல ரெக்கார்ட் பண்ணி, ரெண்டு பெரிய ஆளுங்க நடுவுல சொருகி, பென் டிரைவ்ல கொண்டு போனேன்.

முதல் துண்டுக்கு "ஓடுது"ன்னாரு. ரெண்டாவதா நான். என் நெஞ்சு அடிக்கிற அடியில எனக்கே என் வாசிப்பு கேக்கல. துண்டு முடிஞ்சு போச்சு, அவரு காதை எடுக்கல. "திரும்பப் போடு"ன்னாரு. யாருக்கும் அவரு ரெண்டாவது தடவை கேட்டதில்ல.

"நல்ல கை"ன்னாரு.

ஏசப்பா! அந்த ஆளு வாயிலயிருந்து 'நல்ல'ங்கிற வார்த்தை வந்து யாரு கேட்டா? சைமன் அண்ணே கையில இருந்த பிஸ்கட்டைக் கீழ வச்சுட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

"நல்ல கை"ன்னு மறுபடியும் சொன்னாரு. "எட்டு மாசம்."

லிம் அண்ணே என்னைப் பார்த்து, "யாரு இது, நான் கேட்டதே இல்லையே?"ன்னு கேட்டாரு. ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தன்னு சொன்னேன். சொல்லும்போதே இடது கையைத் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்கிட்டேன்.

நான் ஒண்ணும் மூடநம்பிக்கைக்காரி இல்ல. மறுவாரமே நரம்பு டாக்டரைப் போயிப் பார்த்தேன். ஊசி குத்தி, கரண்ட் விட்டு, எல்லாம் பார்த்துட்டு, "கை சூப்பரா இருக்கு மேடம், எதுக்கு வந்தீங்க?"ன்னாரு. என்னத்தைச் சொல்ல? ரிட்டயர்டு பஸ் மெக்கானிக் அனுப்பி வச்சாருன்னா?

டாக்டர் சொன்னது சந்தோஷமாத்தான் இருந்துச்சு, கிட்டாரைத் தூக்குற வரைக்கும். தூக்கினதும் என் காது மாறிப்போயிருந்துச்சு. முன்னெல்லாம் வாசிச்சா பாட்டு கேக்கும். இப்ப கை கேக்குது. இந்த விரல் லேட்டா விழுந்துச்சா, அந்தக் கம்பி ஏன் அப்படி அதிருது, இது நேத்திக்கு இருந்துச்சா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ரெண்டு வரி வாசிப்பேன், நிப்பாட்டிக் கையைப் பார்ப்பேன். ரெஸ்டாரன்ட்டுக்கு வர முடியாதுன்னு சொன்னேன். அப்புறம் சர்ச்லயும் உடம்பு சரியில்லன்னேன். நாலாவது மாசம் கிட்டாரை உறையில போட்டு அலமாரி மேல ஏத்திட்டேன். யாரும் என் கையை ஒடிக்கல, நானேதான் ஏத்தினேன்.

ஏன் வாசிக்கிறதில்லன்னு சைமன் அண்ணே குடைஞ்சு குடைஞ்சு கேட்டாரு. அங்கிள் ரெண்டு ஞாயிறா வராம இருந்த நேரம் அது, அதனால அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவாங்க, சிரிப்பாங்க, போடி பைத்தியக்காரின்னு சொல்லி ஒரு கிட்டாரை மடியில தூக்கிப் போடுவாங்கன்னு எதிர்பார்த்தேன். மூணு பேரும் எழவு கேக்க வந்தவங்க மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஜெகா அந்தக் குறை விரல் கையால என் தோளைத் தட்டி, "விடுங்கக்கா. அங்கிள் சொன்னா சொன்னதுதான்"னான்.

அங்கிள் வராததுக்குக் காரணம் உடம்பு. ஒரு ஞாயிறு மத்தியானம் கம்போங் மேடான் ஃபிளாட்டுக்குத் தனியாப் பார்க்கப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யல. நாற்காலியில சுருண்டு உக்காந்திருந்தாரு. ஸ்க்ரூடிரைவர் மடியில. வீட்டம்மா கீழ உக்காந்து நெத்திலி ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"வாசிக்கிறியாம்மா?"ன்னாரு. அந்த ரெக்கார்டிங் என்னுதுன்னு சைமன் அண்ணே போன்ல சொல்லியிருப்பாரு போல.

"வாசிக்கிறேன் அங்கிள்."

கையைக் குடுன்னு நீட்டினாரு. என் இடது கையைப் பிடிச்சு ஒவ்வொரு விரல் நுனியா அமுக்கிப் பார்த்தாரு. தினம் கம்பி அமுக்குறவ விரல் நுனி காய்ப்புப் பிடிச்சுக் கட்டையா இருக்கணும். எனக்கு உரிஞ்சு, குழந்தை விரல் மாதிரி மெத்துன்னு ஆகியிருந்துச்சு. நாலு விரலையும் பார்த்து முடிச்சாரு. நிமிர்ந்து என்னைப் பார்க்கல, கீழ உக்காந்திருந்த வீட்டம்மாவைப் பார்த்தாரு.

"பார்த்தியா?"ன்னாரு.

அந்தக் குரல்ல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. சின்னதாத்தான், ஆனா சந்தோஷம்தான். நான் அவ்வளவு நேசிச்ச மனுஷனைப் பார்த்து அப்பத்தான் முதல் தடவையா எனக்குப் பயம் வந்துச்சு. இவரு என் கைக்குள்ள எதையாவது கேட்டாரா, இல்ல இவரு சொன்னதுதான் என் கைக்குள்ள போச்சா?

அவரு கண்ணசந்ததும் அந்த ஆன்டி என்னைச் சமையக்கட்டுக்குக் கூப்பிட்டாங்க. காப்பி கலக்கிக்கிட்டே மெதுவாச் சொன்னாங்க, "நானும் ஆர்கன் வாசிச்சவதாம்மா. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எங்க சர்ச்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் பெட்டி மேல காதை வச்சுக் கேட்டாரு. ஒரு வருஷம்னாரு."

"நின்னு போச்சா ஆன்டி?"

"நான்தான் மூடி வச்சுட்டேன்."

நான் அவங்க கையைப் பார்த்தேன். எழுபது வயசு. பேசிக்கிட்டே திரும்பவும் உக்காந்து நெத்திலித் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுறாங்க, ஒரு விரல் பிசகல, கண்ணு பார்க்கக்கூட இல்ல. பத்து விரலும் கடகடன்னு தன்பாட்டுக்கு ஓடுது.

"அப்புறம் ஒரு தடவைகூட வாசிச்சுப் பார்க்கலையா? கை நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. "வாசிச்சேன், ஓடிருச்சுன்னு வையி. அவரு பொய்யாயிடுவாரேம்மா. அவருகிட்ட வேற என்ன இருக்கு?"

காப்பியை எப்படிக் குடிச்சேன், எப்படிப் படி இறங்கினேன்னு தெரியல. கார்ல உக்காந்து ஓன்னு அழுதேன். எனக்காகவா அந்தம்மாவுக்காகவான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல.

ஆறு வாரத்துல அங்கிள் போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாருன்னாங்க. அடக்கத்துக்கு டிப்போ ஆளுங்க நிறைய வந்திருந்தாங்க. சாப்பாட்டுப் பந்தியில சைமன் அண்ணே, ஜெகா, லிம் அண்ணே மூணு பேரும் அவரு கதையை மாத்தி மாத்திச் சொன்னாங்க. ஃபெடரல் ஹைவே, சிக்கனம், ஜெகாவோட விரல். கடைசியா சைமன் அண்ணே என் பக்கம் கையைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்கு யாருன்னே தெரியாம சொன்னாருங்க. அப்படியே பலிச்சுச்சு"ன்னாரு. கேட்டவங்க எல்லாம் என் கையைப் பார்த்தாங்க. பாவப்பட்ட பார்வை. நான் கையில சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கோவத்துல வீட்டுக்கு வந்து கிட்டாரை இறக்கினேன். கம்பியெல்லாம் துரு. புதுசு மாட்டினேன். முதல் நாள் விரல் நுனி பத்தி எரிஞ்சுச்சு, ரெண்டாவது நாள் கொப்புளம், அது உடைஞ்சும் நான் விடல. எட்டு மாசக் கெடு முடிஞ்சு ஒம்பதாவது மாசமும் வந்துச்சு. ஒரு ஞாயிறு காலையில உக்காந்தேன், காது பழையபடி பாட்டைக் கேட்டுச்சு. கையைக் கேக்கல. முழுசா நாலு நிமிஷம் வாசிச்சேன். சத்தியமாச் சொல்றேன், என் வாழ்க்கையில நான் அப்படி வாசிச்சதில்ல. ரெக்கார்ட் பண்ணி உடனே எங்க வாட்சாப் குரூப்புல போட்டேன். கூட ஒரு வார்த்தையும் எழுதல, கேட்டாலே புரிஞ்சுக்குவாங்க.

மூணு பேரும் கேட்டாச்சு, நீலக் குறி விழுந்துருச்சு. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். சைமன் அண்ணே எதுவோ எழுதுறாரு, நிப்பாட்டுறாரு, எழுதுறாரு. ஒண்ணும் வரல. கடைசியா ஜெகா எழுதினான்.

"பழைய ரெக்கார்டிங்தானக்கா இது?"

இல்லடா, இன்னிக்கு, இப்ப, இந்தக் கையிலன்னு எழுதினேன். அனுப்புறதுக்கு முன்னாடி அவன் கேட்டது என்னன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. இது புதுசுன்னா அங்கிள் சொன்னது பொய். அங்கிள் சொன்னது பொய்ன்னா அந்தக் கையுறையை அவன் எதுக்கு மாட்டினான், அந்த ரெண்டு விரல் எதுக்குப் போச்சு?

எழுதினதை அழிச்சுட்டு, "ஆமாடா, பழசுதான்"னு அனுப்பினேன்.